வரம்பு இல்லாத கார்டும் காலியாக விட்ட கட்டமும்

2009 மே மாதம். நியூஜெர்சியில் எடிசன் பக்கம் ஒரு சின்ன வீடு பார்த்து, விலை பேசி முடித்து, 3,20,000 டாலர் கடனுக்கு மனுப் போட்டிருந்தோம். அமெரிக்காவுக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. எந்த பில்லையும் ஒரு நாள்கூடத் தாமதமாகக் கட்டியதில்லை. மனைவி எச்-4 விசாவில் இருந்ததால் கடன் என் பெயரில் மட்டும். அதனால் என் கிரெடிட் ஸ்கோர்தான் எல்லாமே. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கடன் அதிகாரியிடமிருந்து போன். மூன்று நிறுவனங்களிலிருந்து மூன்று ஸ்கோர் வாங்குவார்கள், அதில் நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். என் நடு ஸ்கோர் 731. அவர்கள் கோடு போட்டிருந்தது 740-ல். ஒன்பது புள்ளி குறைந்ததற்கு வட்டி கால் சதவீதம் கூடுதல். 5 சதவீதம் என்று நினைத்திருந்தது 5.25 ஆனது. மாசம் 49 டாலர், முப்பது வருஷத்துக்கு.

ஸ்கோரோடு ஒரு காரணமும் அச்சடித்துக் கொடுத்தார்கள். சுழல் கடன் கணக்குகளில் வரம்போடு ஒப்பிட்டால் பாக்கி அதிகமாக இருக்கிறதாம். எனக்குப் புரியவில்லை. என்னிடம் இருந்தது மூன்று கார்டு. ஒன்றில் லிமிட் 5,000, பாக்கி 300. இன்னொன்றில் லிமிட் 7,000, பாக்கி 400. மூன்றாவது ஒரு வங்கியின் கார்டு. 'முன்கூட்டியே நிர்ணயித்த செலவு வரம்பு இல்லை' என்று விளம்பரம் பண்ணித் தந்தது. முந்தின மாசம் அம்மா அப்பாவை அழைத்து வர அதில்தான் டிக்கெட் எடுத்தேன். பாக்கி 2,760 டாலர். பில் வந்ததும் முழுசாகக் கட்டியும் ஆயிற்று. ஆனால் ரிப்போர்ட்டில் அந்தக் கார்டுக்கு நேரே 'கடன் வரம்பு' என்ற கட்டம் காலி. பக்கத்தில் 'உச்சபட்ச பாக்கி' என்ற கட்டத்தில் 2,760. 'தற்போதைய பாக்கி' கட்டத்திலும் 2,760.

"லிமிட்டே இல்லாத கார்டுன்னு பெருமையா வாங்கினீங்களே, இப்ப அதுலயே லிமிட்டைத் தாண்டிட்டீங்கன்னு சொல்றாங்களா?" என்று கேட்டாள் மனைவி. விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் நடந்தது கிட்டத்தட்ட அதேதான்.

அந்தக் கட்டம் ஏன் காலியாக இருந்தது, காலியான கட்டத்தை ஒரு கணக்கு ஏன் அப்படிப் படித்தது என்ற கேள்வியை அன்றைக்குப் பிடித்தவன் இன்னும் விடவில்லை. கிடைத்த நேரத்திலெல்லாம் படித்துச் சேர்த்த குறிப்புகளைக் கோத்து எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

மாசக் கடைசியில் மொத்தமாக

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நாம் சாதாரணமாக கிரெடிட் கார்டு என்று சொல்வதில் ஒரு வரம்பு இருக்கும். பாக்கியில் கொஞ்சம் கட்டி, மீதிக்கு வட்டி கொடுத்துக்கொண்டே இருக்கலாம். கட்டக் கட்ட வரம்பு மறுபடி திறக்கும். அதனால்தான் அதற்குச் சுழல் கடன் என்று பெயர். சார்ஜ் கார்டு வேறு ஜாதி. மாசம் முழுக்கச் செலவு செய்யலாம், பில் வந்ததும் மொத்தத்தையும் கட்டியாக வேண்டும். தள்ளிப்போட முடியாது, எனவே வட்டிக்கும் இடமில்லை. அண்ணாச்சி கடை பற்று நோட்டை நினைத்துக்கொண்டால் போதும். அந்த நோட்டில் 'இவ்வளவுக்கு மேல் கிடையாது' என்று யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் அளவுக்கு மீறிப் போனால் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தே நமக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலும் ஆரம்பம் கடை நோட்டுதான். பெரிய ஜவுளிக்கடைகளும் பெட்ரோல் கம்பெனிகளும் தங்கள் வாடிக்கையாளர்களுக்குக் கணக்கு வைத்திருந்தன. அந்த நோட்டை ஒரே கடையிலிருந்து பிரித்து ஊருக்கே பொதுவாக்கியது டைனர்ஸ் கிளப். ஃபிராங்க் மெக்நமாராவும் அவருடைய வக்கீல் ரால்ஃப் ஷ்னைடரும் 1950-ல் நியூயார்க்கில் தொடங்கினார்கள். மெக்நமாரா ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, பர்ஸை மறந்து வந்தது தெரிந்து அவமானப்பட்டார், அதிலிருந்து பிறந்ததுதான் இந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. எல்லா இடத்திலும் படிக்கலாம். அது கம்பெனியின் விளம்பரப் பொறுப்பில் இருந்த மேட்டி சிம்மன்ஸ் பத்திரிகைகளுக்காகக் கட்டிய கதை. நிஜத்தில் நடந்தது 1950 பிப்ரவரி 8 அன்று, மேஜர்ஸ் கேபின் கிரில் என்ற ஓட்டலில், அட்டையில் அச்சடித்த ஒரு கார்டைக் காட்டிச் சாப்பிட்ட சாப்பாடு.

டைனர்ஸ் கிளப் வாடிக்கையாளருக்கு வட்டிக்குக் கடன் கொடுக்கவில்லை. ஓட்டல்காரர் பில்லில் 7 சதவீதம் கொடுத்தார், உறுப்பினர் வருஷச் சந்தா கட்டினார், வருமானம் அதுதான். பாக்கி நிற்க நிற்க லாபம் என்ற கணக்கு இந்தத் தொழிலில் கிடையாது. பாக்கி நின்றால் நஷ்டம். அதனால் யாரைச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாக் கவனமும். நம்பத்தகுந்தவர் என்று ஒருமுறை முடிவு செய்துவிட்டால், அவர் கார்டில் ஒரு எண்ணை எழுதி வைக்க வேண்டிய தேவை பெரிதாக இல்லை.

பதின்மூன்று நாள் இடைவெளியில்

1958-ல் இரண்டு கார்டுகள் வந்தன, பதின்மூன்று நாள் இடைவெளியில்.

செப்டம்பர் 18 அன்று பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் 60,000 பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே, தபாலில் பேங்க் அமெரிகார்டை அனுப்பியது. பின்னாளில் விசா ஆனது இதுதான். ஒவ்வொரு கார்டுக்கும் 300-லிருந்து 500 டாலர் வரை வரம்பு. முழுசாகக் கட்ட வேண்டாம், வட்டியோடு தவணையாகக் கட்டலாம். முன்பின் தெரியாத 60,000 பேரிடம் பணத்தைக் கொடுக்கிற வங்கிக்கு வரம்புதான் வேலி. அப்படியும், நூற்றுக்கு நாலு பேர் கட்டத் தவறுவார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 22 பேர் தவறினார்கள்.

அக்டோபர் 1 அன்று அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் சார்ஜ் கார்டை வெளியிட்டது. ஊதா நிற அட்டை. சந்தா 6 டாலர். வேண்டுமென்றே டைனர்ஸ் கிளப்பைவிட ஒரு டாலர் அதிகம். இங்கே வரம்பு என்று எண் எதுவும் இல்லை, மாசக் கடைசியில் மொத்தமும் கட்ட வேண்டும்.

வரம்பு அச்சடிக்காத கார்டு என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கலாம் என்று அர்த்தமில்லை. இதில்தான் பலரும், நான் உட்பட, ஏமாந்தோம். ஒவ்வொரு பெரிய செலவின்போதும் இந்த ஆளுக்கு இந்தத் தொகை சரியா என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். பல வருஷம் அதை மனிதர்களே செய்தார்கள். கடைக்காரர் போன் போடுவார், எதிர்முனையில் அனுமதி கொடுக்கிற ஊழியர் இந்த வாடிக்கையாளரின் பழைய பில்களையும் கட்டிய பழக்கத்தையும் பார்த்து, சரி அல்லது வேண்டாம் என்பார். 1980களின் பிற்பகுதியில் இந்த ஊழியர்களுக்கு உதவ அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், இன்ஃபெரன்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு மென்பொருள் செய்தது. பெயர் ஆதரைசர்ஸ் அசிஸ்டென்ட். அனுபவமுள்ள ஊழியர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டு விதிகளாக எழுதிய நிபுணத்துவ நிரல். அந்தக் காலத்துச் செயற்கை நுண்ணறிவுக்கு எடுத்துக்காட்டாகப் பாடப்புத்தகங்களில் வரும். நான் பி.இ. படித்தபோது அதன் பெயரைக் கடந்து போயிருக்கிறேன். அது எதற்காக என்று அப்போது யோசித்ததில்லை.

ஆக, சார்ஜ் கார்டுக்கும் வரம்பு இருந்தது. ஆளுக்கு ஆள், மாசத்துக்கு மாசம், வாங்குகிற பொருளுக்குத் தகுந்தபடி நகர்கிற வரம்பு. ஒரு எண்ணாக எழுதி வைக்க முடியாதது, அவ்வளவுதான்.

ஊர்ப்பேச்சிலிருந்து எண்ணுக்கு

இதே காலத்தில் இன்னொரு பக்கம் இன்னொரு தொழில் வளர்ந்துகொண்டிருந்தது. யார் ஒழுங்காகக் கடனைக் கட்டுகிறார்கள் என்று தகவல் சேர்த்து விற்பது. இன்றைக்கு எக்விஃபாக்ஸ் என்று அறியப்படுகிற நிறுவனம் 1899-ல் அட்லாண்டாவில் ரீடெய்ல் கிரெடிட் கம்பெனி என்று தொடங்கியது. மளிகைக்கடைகளுக்கு நம்பிக்கையான வாடிக்கையாளர் பட்டியல் கொடுப்பதில் ஆரம்பித்து, காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஆட்களை விசாரிக்கிற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 1960களில் அந்தக் கோப்புகளில் என்னவெல்லாம் இருந்தது என்று நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்தபோது பலருக்கும் அதிர்ச்சி. குடிப்பாரா, வீட்டில் சண்டையா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிய ஊர்ப்பேச்சு. செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் முன்னெடுத்து 1970-ல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம்தான், தன் கோப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும், தவறானதை மறுக்கவும் சாதாரண மனிதனுக்கு உரிமை கொடுத்தது.

கோப்புகள் இருந்தன. அவற்றை ஒரு எண்ணாகச் சுருக்கும் யோசனை 1956-ல் தொடங்குகிறது. பில் ஃபேர் என்ற பொறியாளரும் எர்ல் ஐசக் என்ற கணிதவியலாளரும் ஆளுக்கு 400 டாலர் போட்டு ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். கடன் கொடுப்பவர்கள் ஆளைப் பார்த்து, பேச்சைக் கேட்டு முடிவெடுப்பதைவிட, பழைய கணக்குகளை அலசி யார் கட்டுவார் என்று புள்ளியியல் முறையில் சொல்லலாம் என்பது அவர்கள் வாதம். 50 பெரிய கடன் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். பதில் போட்டது ஒன்றே ஒன்று. ஆளைப் பார்த்து எடைபோடுகிறவர்களுக்கு இந்த வாதம் எவ்வளவு அந்நியமாக இருந்திருக்கும் என்பதை இந்த ஒரு விஷயமே சொல்லிவிடுகிறது.

ஆனாலும் ஃபேர், ஐசக் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. ஆளைப் பார்த்து முடிவெடுத்த காலத்தில் பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் கடன் மறுக்கப்பட்டது சர்வசாதாரணம். 1974-ல் சமமான கடன் வாய்ப்புச் சட்டம் வந்த பிறகு, புள்ளியியல் அடிப்படையில் நிரூபிக்கக்கூடிய ஸ்கோர் முறை கடன் கொடுப்பவர்களுக்குப் பாதுகாப்பான வழியாக ஆனது. இயந்திரம் முகம் பார்க்காது. 2009-ல், தோல் நிறமும் உச்சரிப்பும் வேறான எனக்கு 731 வந்ததே, அந்த இயந்திரத்தால்தான். 1959-ல் அதே ஊரில் அதே வீட்டுக்கு நான் போய்க் கேட்டிருந்தால், ஸ்கோர் வரைக்கும் பேச்சே போயிருக்காது.

1989-ல் ஃபேர் ஐசக், எக்விஃபாக்ஸோடு சேர்ந்து, எல்லா வகைக் கடனுக்கும் பொதுவான ஸ்கோரைக் கொண்டு வந்தது. நாம் ஃபிகோ என்கிற ஸ்கோர் இதுதான், 300-லிருந்து 850 வரை. அதே 1989-ல்தான் ஆதரைசர்ஸ் அசிஸ்டென்ட் பற்றிய கட்டுரை செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் வெளியானது. ஒரு நிரல், எழுதி வைக்க முடியாத வரம்பை ஆளுக்கு ஆள் யூகிக்க முயன்றது. மற்ற நிரல், எழுதி வைத்த வரம்பைக் கொண்டு ஆளை எடைபோட்டது. 1995-ல் ஃபேனி மே, ஃபிரெடி மேக் இரண்டும் வீட்டுக்கடன்களுக்கு ஃபிகோவைப் பயன்படுத்தச் சொன்னதும் போட்டி முடிந்தது.

கட்டம் காலியாக இருந்தால்

ஃபிகோ ஸ்கோரின் உள்கணக்கு ரகசியம். ஆனால் எதற்கு எவ்வளவு எடை என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய வரலாற்றுக்கு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதற்கு 30, கணக்குகளின் வயதுக்கு 15, புதிய கடன்களுக்கு 10, கடன் வகைகளுக்கு 10. அந்த 30-ல் முக்கியமான ஒன்று பயன்பாட்டு விகிதம். பாக்கியை வரம்பால் வகுத்தால் வருவது. தன் வரம்பை முட்டிக்கொண்டு நிற்கிறவர் சிக்கலில் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது பழைய தரவுகளில் தெரிந்த உண்மை. அதில் தப்பில்லை.

வகுத்தல் என்றால் கீழே ஒரு எண் வேண்டும். சார்ஜ் கார்டுக்கு அந்த எண் கிடையாது.

வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்கு மாசாமாசம் அனுப்பும் கோப்புக்கு ஒரு பொது வடிவம் உண்டு, பெயர் மெட்ரோ 2. ஒரு கணக்குக்கு 426 எழுத்து நீளமுள்ள ஒரு அடிப்படைப் பதிவு. அதில் இது எந்த வகைக் கணக்கு என்று ஒரே ஒரு எழுத்து. சுழல் கடன் என்றால் ஆர், தவணைக் கடன் என்றால் ஐ, பில் வந்ததும் முழுசாகக் கட்ட வேண்டிய கணக்கு என்றால் ஓ. கடன் வரம்புக்கு ஒரு இடம், இதுவரை எட்டிய உச்சபட்ச பாக்கிக்கு ஒரு இடம். சார்ஜ் கார்டுக்கு ஓ என்று போட்டு, வரம்பு இடத்தில் எதுவும் இல்லாமல், உச்சபட்ச பாக்கியை மட்டும் அனுப்புவார்கள்.

தரவுத்தளம் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் நெருடும். 'மதிப்பு தெரியாது' என்பதும் 'மதிப்பே பொருந்தாது' என்பதும் வேறு வேறு. கோப்பில் இரண்டுமே காலியாகத்தான் தெரியும். காலியான இடத்துக்கு எதையாவது வைத்துக் கணக்கை ஓட்ட வேண்டும் என்றால் கைக்கு எட்டிய எண் உச்சபட்ச பாக்கி. வரம்பு எழுதாத சுழல் கணக்குகளுக்கு அதைத்தான் வரம்பாக வைத்துக்கொண்டார்கள். ஃபிகோவின் பழைய பதிப்புகளில் சார்ஜ் கார்டுகளும் இப்படிச் சிக்கியது உண்டு.

என் கணக்கையே போட்டுப் பார்ப்போம். மூன்றாவது கார்டை விட்டுவிட்டால் பாக்கி 700, வரம்பு 12,000, விகிதம் 5.8 சதவீதம். அதைச் சேர்த்தால் பாக்கி 3,460, 'வரம்பு' 14,760, விகிதம் 23.4 சதவீதம். இது மொத்தத்துக்கு. தனித்தனியாகவும் பார்ப்பார்கள், அதில் அந்தக் கார்டு மட்டும் 100 சதவீதம். அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுத்த மாசத்தில்தான் அந்தக் கார்டில் நான் முன்னெப்போதையும்விட அதிகம் செலவு செய்தேன். அப்படிச் செய்கிற எந்த மாசத்திலும் பாக்கியும் உச்சபட்ச பாக்கியும் ஒன்றாகத்தான் இருக்கும். நூற்றுக்கு நூறு. யாராக இருந்தாலும்.

முழுசாகக் கட்டிவிட்டேனே என்று நான் வாதாடியது வீண். பெரும்பாலான கம்பெனிகள் ஸ்டேட்மென்ட் போடுகிற தேதியில் இருக்கிற பாக்கியை அனுப்புகின்றன. கட்டுவது அதற்குப் பிறகு. அந்த ஒரு நாள் எடுத்த போட்டோதான் அடுத்த மாசம் வரைக்கும் நம் முகம்.

இதன் மறுபக்கம் இன்னும் வேடிக்கை. அடுத்த மாசம் அந்தக் கார்டில் பாக்கி 310. உச்சபட்சம் 2,760 அப்படியே நிற்கிறது. விகிதம் 11 சதவீதம். என் ஸ்கோர் 752 ஆனது. ஒரு தடவை தாம்தூம் என்று செலவழித்துவிட்டால் அதற்கப்புறம் அந்த மனிதர் அடக்கமானவர் என்று கணக்கு நம்பும். இது தெரிந்து, வேண்டுமென்றே ஒருமுறை பெரிய தொகையை அந்த மாதிரிக் கார்டில் போட்டு, உச்சபட்சத்தை ஏற்றி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. சிக்கனமாக, மாசாமாசம் ஏறத்தாழ ஒரே தொகையைச் செலவழித்து ஒழுங்காகக் கட்டுகிறவர் எப்போதும் 90, 95 சதவீதத்திலேயே தெரிவார். சார்ஜ் கார்டு யாருக்காக உருவானதோ அந்த ஆள்தான் அதில் மாட்டிக்கொண்டவர்.

யாருக்கு வசதி?

சார்ஜ் கார்டுக்கு வரம்பு இல்லை, அதனால் எழுதவில்லை, சரி. ஆனால் வரம்பு உள்ள கார்டுகளுக்கும் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. இதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.

அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆய்வாளர்கள் ராபர்ட் ஏவரி, பால் கேலம், க்ளென் கேனர் ஆகியோர் 2003, 2004-ல் அந்த வங்கியின் புல்லட்டினில் கட்டுரைகள் எழுதினார்கள். முதல் கட்டுரையில் ரஃபேல் பாஸ்டிக்கும் உண்டு. பெயர் நீக்கிய லட்சக்கணக்கான கடன் பதிவுகளை அலசியதில், 1999 மாதிரியில் சுமார் 70 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு சுழல் கணக்கிலாவது வரம்பு எழுதப்படவில்லை. 2003 மாதிரியில் அது 46 சதவீதமாகக் குறைந்திருந்தது. குறைந்ததே அவ்வளவு! பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஸ்கோரில் பெரிய மாற்றம் இல்லை என்றும், கணக்குகள் குறைவாக உள்ளவர்களுக்குப் பாதிப்பு அதிகமாக இருக்கலாம் என்றும் அவர்கள் சொன்னார்கள். கணக்கு குறைவாக உள்ளவர்கள் யார்? இளைஞர்கள், புதிதாகக் குடியேறியவர்கள். மூன்று கார்டு வைத்திருந்த நான்.

ஏன் எழுதவில்லை? வியாபாரம். கடன் தகவல் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்துத்தான் போட்டி வங்கிகள் யாருக்குக் கார்டு ஆசை காட்டலாம் என்று தேர்ந்தெடுக்கின்றன. நம் நல்ல வாடிக்கையாளருக்கு நாம் எவ்வளவு வரம்பு கொடுத்திருக்கிறோம் என்று ஏன் எதிராளிக்குச் சொல்ல வேண்டும்? கேப்பிடல் ஒன் போன்ற பெரிய கார்டு நிறுவனமே 2007 வரைக்கும் வரம்பைத் தெரிவிக்காமல் இருந்தது. வங்கியின் ரகசியத்துக்கான விலையை வாடிக்கையாளரின் ஸ்கோர் கொடுத்தது.

2003-ல் வந்த சட்டத்திருத்தத்தின் அடிப்படையில் எழுதப்பட்ட விதிகள் 2010 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தன. கணக்குக்கு வரம்பு உண்டு, அது உங்கள் கையில் இருக்கிறது என்றால், அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல். எனக்கு ஒரு வருஷம் லேட்.

இப்போது என்ன நிலை?

அசல் சார்ஜ் கார்டுகளை ஃபிகோவின் பிந்தைய பதிப்புகள் பயன்பாட்டு விகிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓ என்ற அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்து ஒதுக்கிவிடுகின்றன. ஒழுங்காகக் கட்டினீர்களா, கணக்குக்கு எத்தனை வயது என்பவை மட்டும் சேரும். கெடுதல் போனது. கூடவே ஒரு நன்மையும் இல்லாமல் போனது. 10,000 டாலர் வரம்புள்ள சாதாரணக் கார்டு சும்மா பெட்டியில் கிடந்தாலும் வகுத்தலின் கீழ்ப்பக்கத்தைப் பெரிதாக்கும். சார்ஜ் கார்டு எவ்வளவு நம்பிக்கையைக் குறித்தாலும் கீழ்ப்பக்கத்துக்கு ஒன்றும் தராது.

வங்கிகள் கொடுக்கிற 'வரம்பு நிர்ணயிக்காத' கார்டுகள் இன்னும் குழப்பம். அவை பெரும்பாலும் சார்ஜ் கார்டு அல்ல, சுழல் கடன் கார்டுதான். உள்ளுக்குள் ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் போனால் வங்கி பார்த்து அனுமதிக்கும் என்பதுதான் விளம்பரத்தின் அர்த்தம். அந்த உள்வரம்பை ரிப்போர்ட்டில் எழுதுகிறார்களா என்று பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இன்னொன்று, எல்லோரும் புதிய பதிப்புக்கு மாறுவதில்லை. ஃபிகோ 8 வந்தது 2009-ல். ஆனால் அதன் பிறகும் பல வருஷம் அமெரிக்க வீட்டுக்கடன் உலகம் அதற்கு முந்தைய பதிப்புகளையே வைத்து ஓடியது. புதிய மாதிரிகளுக்கு மாற ஒப்புதல் அறிவிப்பு 2022 அக்டோபரில்தான் வந்தது. வாழ்க்கையின் மிகப் பெரிய கடனை எடைபோடுவது மிகப் பழைய தராசு. பழைய நிரலை மாற்றப் பயப்படுகிற மேனேஜர்களோடு இருபது வருஷம் வேலை பார்த்தவன் என்பதால், இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கடன் வாங்கப் போகிறவர் யாராவது என்னைக் கேட்டால் இரண்டு விஷயம்தான் சொல்வேன். மனுப் போடுவதற்கு மூன்று மாசம் முன்பே மூன்று நிறுவனங்களின் ரிப்போர்ட்டையும் எடுத்து, ஒவ்வொரு கார்டுக்கு நேரேயும் வரம்புக் கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருக்கிற கார்டில் பெரிய செலவு ஏதாவது இருந்தால், பில் வருகிற வரைக்கும் காத்திருக்காமல் ஸ்டேட்மென்ட் தேதிக்கு முன்பே கட்டிவிடுங்கள்.

எங்கள் கதையில், 752 வந்தபோது வட்டி ஏற்கனவே பூட்டப்பட்டிருந்தது. ஒரு மாசம் காத்திருந்தால் வீடு கை நழுவும் என்று 5.25-க்கே கையெழுத்துப் போட்டோம். ஆறு வருஷம் கட்டி, 2015-ல் வீட்டை விற்றுவிட்டு சென்னைக்கு வந்தோம். 72 மாசம், மாசம் 49 டாலர். சுமார் 3,500 டாலர். அம்மா அப்பாவின் டிக்கெட்டைவிட அதிகம். அவர்கள் வந்து அந்த வீட்டில் நாலு மாசம் இருந்தார்கள். அப்பா பின்பக்கம் கத்தரிச் செடி வைத்தார். அதனால் நஷ்டக் கணக்கு எழுத மனசு வரவில்லை.

போன மாசம் ஆபீசில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதிய நிரலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மதிப்பு வராவிட்டால் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிற எண்ணை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தாள். ஏன்மா இப்படி என்று கேட்டேன். "காலியா இருந்தா வகுக்க முடியாது சார், எரர் வரும்" என்றாள். அந்த எரர் வரட்டும் என்று சொல்லிவிட்டு, ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டு, எடிசன் வீட்டுக் கதையைச் சொன்னேன்.